நாற்பத்தொன்பது ரூபாய் தோசை: ஒரு வியாபாரக் கணக்குப் பாடம்

நம் இதழின் பாடப் பகுதிக்கு இந்த முறை வியாபாரக் கணக்கு பற்றி எழுதும்படி ஆசிரியர் குழுவினர் என்னைக் கேட்டுக்கொண்டார்கள். நான் காமர்ஸ் படித்தவன் அல்லன். சிவில் எஞ்சினியரிங் டிப்ளமோ முடித்து, தென்கிழக்கு ரயில்வேயில் சேர்ந்து, கரக்பூர் கோட்டத்தில் தண்டவாளங்களோடு காலம் தள்ளி, இப்போது ஓய்வுபெற்று டாலிகஞ்சில் குடியிருப்பவன். ஆனால் போன வருஷம் என் சொந்தக் குடும்பத்துக்குள்ளேயே ஒரு வியாபாரக் கணக்கு வந்து சேர்ந்தது. அதை நாங்கள் போட்டுப் பார்த்த விதத்தைத்தான் இங்கே எழுதுகிறேன். கல்லூரியில் கணக்கியல் படிக்கும் பிள்ளைகளும், வீட்டில் மாவரைத்து விற்கலாமா என்று யோசிக்கும் தாய்மார்களும் பென்சிலும் தாளும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தால் நல்லது.

என் தங்கை மகன் தெற்குக் கல்கத்தாவில் மூன்று சிற்றுண்டிக் கடைகள் நடத்துகிறான். ஒன்று டாலிகஞ்ச் மெட்ரோ நிலையத்துக்கு அருகில், ஒன்று ஜாதவ்பூரில், மூன்றாவது பெஹாலாவில். மூன்று கடைக்கும் மாவு ஒரே இடத்தில் அரைபட்டுப் போகிறது. ஒரு நாள் இரவு, கடை மூடிவிட்டு நேராக என் வீட்டுக்கு வந்தான். கையில் ஒரு காகிதம்.

"மாமா, மினி மசால் தோசை போடப் போறேன். நாற்பத்தொன்பது ரூபாய். மூணு கடையிலயும், நாள் முழுக்க. மெட்ரோ வாசல்ல புதுசா வந்திருக்கிற கடைக்காரங்க எல்லாரும் அம்பது ரூபாய்க்குள்ள ஏதாவது ஒண்ணு வச்சிருக்காங்க. நம்ம கடை போர்டைப் பார்த்துட்டு நூத்திப்பத்தான்னு திரும்பிப் போறாங்க."

"சரி, அதுக்கு என்கிட்ட ஏன் வந்தே?"

"பெரிய கிரைண்டர் ஒண்ணு, புது போர்டு, நோட்டீஸ், எல்லாம் சேர்த்து நாலு லட்சம் ஆகும். அம்மா டெபாசிட்டை உடைக்கணும். அதுல உங்க கையெழுத்தும் வேணும்."

அந்த டெபாசிட் என் தங்கையின் வீட்டுக்காரர் காலமானபோது வந்த பணம். தங்கை பெயரிலும் என் பெயரிலும் கூட்டாகப் போட்டிருக்கிறோம். அவளுடைய மருந்துச் செலவும் மின்சார பில்லும் அதன் வட்டியில்தான் நடக்கின்றன. ஆகவே இந்தத் தோசை எனக்கு வேடிக்கை விஷயமாக இல்லை.

அவனுக்கு ஒரு முன்மாதிரியும் இருந்தது. இன்று பல ஊர்களில் கடை வைத்திருக்கும் வாவ் மோமோ என்ற நிறுவனம் நம் டாலிகஞ்சில் பிறந்தது. செயின்ட் சேவியர்ஸ் கல்லூரியில் படித்த சாகர் தர்யானி, பினோத் ஹோமகாய் என்ற இரு இளைஞர்கள் 2008ல் 30,000 ரூபாய் முதலோடு தொடங்கி, இங்குள்ள ஸ்பென்சர்ஸ் கடைக்குள் ஆறடிக்கு ஆறடி இடத்தில் மோமோ விற்றார்கள். "அவங்களும் துணிஞ்சுதானே இறங்கினாங்க மாமா?" என்றான். துணிந்தார்கள், உண்மை. ஆனால் ஆறடிக்கு ஆறடிதான் துணிந்தார்கள். அது நடக்காமல் போயிருந்தால் நஷ்டமும் ஆறடிதான். இதை நான் அன்றைக்குச் சொல்லவில்லை, பிறகுதான் தோன்றியது.

ஒரு தட்டுக் கணக்கு

முதலில் அவன் காகிதத்தைப் பார்த்தோம். சாதாரண மசால் தோசை 110 ரூபாய். அதற்கு மாவு, எண்ணெய், உருளைக்கிழங்கு, சாம்பார், சட்னி, எரிவாயு எல்லாம் சேர்த்து 38 ரூபாய். மினி தோசை 49 ரூபாய். அதற்குச் செலவு 24. வரி தனி, அதை இரண்டு பக்கத்திலும் விட்டுவிட்டோம்.

"இருபத்துநாலு போட்டா நாற்பத்தொன்பது. போட்ட காசு இரட்டிப்பு!" என்றான்.

இங்கே ஒரு வார்த்தையை நிலைநிறுத்திக்கொள்வோம். விற்ற விலையிலிருந்து அந்தத் தட்டுக்கென்றே ஆன செலவைக் கழித்தால் கையில் நிற்பது எதுவோ, அதை 'மிச்சம்' என்று சொல்லுவோம். வாடகை, மாஸ்டர் சம்பளம், விளக்குச் செலவு எல்லாம் இந்த மிச்சத்திலிருந்துதான் கொடுபட வேண்டும். அவை தோசை ஒன்று கூடினாலும் குறைந்தாலும் மாறுவதில்லை; ஆகவே இந்தக் கணக்கில் அவற்றைச் சேர்க்கக்கூடாது. படித்தவர்கள் பலர் வாடகையைத் தட்டுக்கு இவ்வளவு என்று பங்கிட்டுச் சேர்த்துக் குழப்பிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன்.

மசால் தோசையில் மிச்சம் 72 ரூபாய். மினி தோசையில் மிச்சம் 25 ரூபாய். இரட்டிப்பு, பாதி, சதவீதம் எல்லாம் பேச்சுக்கு அழகு. வாடகைக்காரர் சதவீதத்தை வாங்கிக்கொள்வதில்லை, ரூபாயைத்தான் வாங்குகிறார்.

வருகிறவர் யார்?

அடுத்த கேள்வி இதுதான். மினி தோசை வாங்குகிறவர் எங்கிருந்து வருகிறார்? போர்டைப் பார்த்துத் திரும்பிப் போனவர் உள்ளே வந்தால் நமக்கு 25 ரூபாய் புதிதாகக் கிடைக்கிறது. நேற்று வரை மசால் தோசை சாப்பிட்டவர் இன்று மினிக்கு இறங்கினால் 72 போய் 25 வருகிறது. 47 ரூபாய் நஷ்டம். கடைக்காரன் கண்ணுக்கு இரண்டு பேரும் ஒன்றுபோலத்தான் தெரிவார்கள். இரண்டு பேரும் மினிதானே கேட்கிறார்கள்!

மினி வாங்கும் 100 பேரில் எத்தனை பேர் பழையவர்களாக இருந்தால் நமக்கு லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை? இதற்குப் பெரிய சமன்பாடு வேண்டாம். புதிய பண்டத்தின் மிச்சத்தைப் பழைய பண்டத்தின் மிச்சத்தால் வகுத்தால் போதும். 25ஐ 72ஆல் வகுத்தால் ஏறக்குறைய 0.35. அதாவது நூற்றுக்கு 34 பேர் வரை பழையவர்கள் இறங்கினால் தாங்கலாம், 35ஆவது ஆளிலிருந்து கைப்பிடித்தம். சரிபார்ப்பதும் சுலபம்: 100 மினியில் 2,500 ரூபாய் வருகிறது, 35 மசால் தோசை போனால் 2,520 ரூபாய் போகிறது.

இந்தக் கவலை ரயில்வேக்குப் புதிதல்ல. பிரான்சு நாட்டில் ஜூல் டுபுயி என்ற எஞ்சினியர் 1849ல் இதைப் பற்றி எழுதினார். அந்தக் காலத்தில் அங்கே மூன்றாம் வகுப்புப் பெட்டிகள் சிலவற்றுக்குக் கூரை கிடையாது. கூரை போடக் கம்பெனியிடம் பணமில்லாமல் அல்ல. இரண்டாம் வகுப்புக்குக் காசு கொடுக்கக் கூடியவர்கள் மூன்றாம் வகுப்புக்கு இறங்கிவிடக் கூடாது என்பதுதான் காரணம் என்று அவர் கண்டு சொன்னார். ஏழையை நனைத்தால்தான் பணக்காரன் பயப்படுவான் என்ற கணக்கு. கணக்காக அது சரி. மனிதன் செய்கிற காரியமாக எனக்கு அது உவப்பாக இல்லை.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. பழைய ஆட்கள் இறங்காமல் இருக்க, மினிக்கு மட்டும் சாம்பாரைத் தண்ணீராக்கி, மட்டமான எண்ணெயில் வார்க்கலாம் என்று பையன் ஒரு யோசனை வைத்திருந்தான். கூரையை எடுப்பதும் இதுவும் ஒன்றுதான். மறுநாள் காலை என் தங்கை இதைக் கேட்டதும், "நாற்பத்தொன்பது ரூபாய் கொண்டுவர்றவன் வயித்துக்கு வேற சாம்பாரா?" என்றாள். அந்த யோசனை அங்கேயே முடிந்தது.

கல்லும் தண்டவாளமும்

மூன்றாவது விஷயம்தான் எனக்குத் தெரிந்த விஷயம். ஆகையால் சற்று நீட்டி எழுதுவதைப் பொறுத்துக்கொள்ளவும்.

ஒற்றைப் பாதையில் ஒரு நாளைக்கு எத்தனை வண்டி ஓட்டலாம் என்று கணிக்க ரயில்வேயில் ஸ்காட் சூத்திரம் என்று ஒன்று உண்டு. ஒரு நாளின் 1,440 நிமிஷத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். அந்தப் பகுதியில் இருப்பதிலேயே அதிக நேரம் பிடிக்கும் பிளாக்கை மெதுவான வண்டி கடக்க ஆகும் நிமிஷத்தோடு, அடுத்த வண்டிக்கு லைன் கிளியர் வாங்கிக் கொடுக்கும் நிமிஷத்தைக் கூட்ட வேண்டும். அந்தக் கூட்டுத்தொகையால் 1,440ஐ வகுத்து, நடைமுறைக்காக நூற்றுக்கு 70 பங்கு எடுத்துக்கொள்ள வேண்டும். கடக்க 15 நிமிஷம், லைன் கிளியருக்கு 5 நிமிஷம் என்றால், 1,440ஐ 20ஆல் வகுத்து 72. அதில் 70 சதவீதம், ஏறக்குறைய 50 வண்டி. ஐம்பத்தொன்றாவது வண்டிக்கு நீங்கள் எவ்வளவு கட்டணம் வைத்தாலும் சரி, ஓட இடமில்லை.

இதில் கவனிக்க வேண்டியது, மற்ற பிளாக்குகள் எவ்வளவு வேகமாக இருந்தாலும் பயனில்லை என்பதே. இறுக்கம் எங்கே இருக்கிறதோ அங்கே ஒரு நிமிஷம் யாருக்குக் கொடுக்கிறோம் என்பதுதான் கணக்கு. தண்டவாள வேலைக்காகக் கண்ட்ரோலிடம் இரண்டு மணி நேரம் பிளாக் கேட்டு நான் எத்தனை நாள் கெஞ்சியிருப்பேன் என்று என் வீட்டில் கேட்டால் தெரியும். அந்த இரண்டு மணியில் எந்த வண்டி நிற்கும் என்று அவர்கள் கணக்குப் போடுவார்கள். அது என் மேல் கோபம் அல்ல.

பையனுடைய கடையில் அந்த இறுக்கமான இடம் தோசைக்கல். மேஜை காலியாக இருக்கும், கல்லாவில் ஆள் சும்மா இருப்பார், கல்லுக்கு முன்னால் மட்டும் பில் வரிசையாகக் குத்தியிருக்கும். இரவு எட்டு மணிக்குப் போய்ப் பாருங்கள். ஒரே நேரத்தில் மூன்று மசால் தோசை, மூன்று நிமிஷம், மணிக்கு 60. மினி என்றால் நான்கு வார்க்கலாம், நேரம் அதேதான், மணிக்கு 80. இப்போது மிச்சத்தால் பெருக்குங்கள். மசால் தோசையில் கல்லுக்கு மணிக்கு 4,320 ரூபாய். மினியில் 2,000 ரூபாய். இரவு எட்டு மணிக்குக் கல்லில் மினி வார்ப்பது, மெயில் வண்டி போகிற நேரத்தில் மெயின் லைனில் கூட்ஸ் வண்டியை விடுகிற காரியம்.

மலிவுப் பண்டம் என்றாலே இப்படித்தான் என்று நினைக்க வேண்டாம். 2021 செப்டம்பரில் பிரயாக்ராஜ்–ஜெய்ப்பூர் எக்ஸ்பிரஸில் ஏசி மூன்றடுக்கு எக்கானமி பெட்டியை முதலில் விட்டார்கள். சாதாரண ஏசி மூன்றடுக்கில் 72 படுக்கை, இதில் 83. கட்டணம் சுமார் 6 முதல் 8 சதவீதம் குறைவு. சாதாரணக் கட்டணத்தை 100 ரூபாய் என்று வைத்தால், பழைய பெட்டி 7,200 ரூபாய் தரும். எக்கானமியில் 92 ரூபாய் வீதம் 83 பேர் என்றால் 7,636 ரூபாய். பயணிக்கும் குறைவு, ரயில்வேக்கும் அதிகம். ஏனென்றால் அங்கே அதே நீளப் பெட்டிக்குள், அதே பாதையில், பதினொரு பேர் கூடுதலாகப் போகிறார்கள். இடையில் 2022 நவம்பரில் இந்தக் கட்டண வித்தியாசத்தை எடுத்துவிட்டு, 2023 மார்ச்சில் மறுபடி கொண்டுவந்தார்கள் என்பது வேறு கதை. மலிவுப் பண்டம் இறுக்கமான இடத்திலிருந்து அதிகம் பிழிந்து தருகிறதா, அல்லது அந்த இடத்தை அடைத்துக்கொள்கிறதா என்று பாருங்கள். எக்கானமி பெட்டி முதல் வகை. மினி தோசை இரண்டாவது வகை.

இவ்வளவும் எழுதிக் காட்டி, "கையெழுத்து கிடையாது, இந்த யோசனையே வேண்டாம்" என்று சொல்லிவிட்டேன். பையன் முகம் சுருங்கிவிட்டது. காபி கொண்டுவந்த என் தங்கை காகிதத்தை ஒரு முறை பார்த்தாள்.

"அண்ணா, இதெல்லாம் ராத்திரி எட்டு மணிக் கணக்கு. சாயங்காலம் மூணு மணிக்குக் கல்லு சும்மாதானே கிடக்கு? மாஸ்டர் பேப்பர் படிச்சிண்டிருக்கார்."

முப்பத்தைந்து வருஷம் ரயில்வேயில் இருந்தவனுக்கு இது தோன்றியிருக்க வேண்டும். இறுக்கமான பகுதி இருபத்துநாலு மணி நேரமும் இறுக்கமாக இருப்பதில்லை. மதியம் மூன்றிலிருந்து ஆறு வரை அந்தக் கல் காலி. காலிக் கல்லில் 25 ரூபாய் முழுசாக 25 ரூபாய்தான். நான் இறுக்கத்தை மட்டும் பார்த்துக் காலியைப் பார்க்கத் தவறினேன்.

மற்றவர்கள் பட்டது

பரீட்சித்துப் பார்க்கும் முன் மற்றவர்கள் என்ன பட்டார்கள் என்று சில நாள் படித்தேன். பையன் ஒவ்வொன்றாகத் தன் போனில் தேடிக் கொடுத்தான்.

அமெரிக்காவில் பர்கர் கிங் நிறுவனம் 2009ல் இரட்டைச் சீஸ்பர்கரை ஒரு டாலருக்கு விற்கச் சொன்னது. கிளைக் கடைக்காரர்களின் சங்கம் அந்த நவம்பரில் வழக்குப் போட்டது. ஒரு பர்கர் செய்யவே எங்களுக்கு ஒரு டாலருக்கு மேல் ஆகிறது என்றார்கள். இதில் சூட்சுமம் என்னவென்றால், கம்பெனிக்கு வருமானம் விற்பனைத் தொகையில் ஒரு பங்கு. செலவு முழுவதும் கடைக்காரர் தலையில். விற்பனை கூடினால் கம்பெனிக்குச் சந்தோஷம், கடைக்காரருக்கு நஷ்டம். மறுவருஷம் விலையை ஏற்றினார்கள், ஒரு டாலர் விலைக்கு ஒரு சீஸ் துண்டைக் குறைத்தார்கள். விலையை முடிவு செய்கிறவர் வேறு, செலவைச் சுமக்கிறவர் வேறு என்றால் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். எங்கள் விஷயத்தில் முடிவு பையனுடையது, பணம் அவன் அம்மாவுடையது.

ரெட் லாப்ஸ்டர் என்ற கடல் உணவு நிறுவனத்தின் கதை இன்னும் பெரிது. எப்போதாவது கொடுத்துவந்த 'இருபது டாலருக்கு எவ்வளவு இறால் வேண்டுமானாலும்' என்ற சலுகையை 2023 ஜூனில் நிரந்தரமாக்கினார்கள். கூட்டம் வந்தது. வந்தவர்கள் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். அந்த வருஷம் ஒரு காலாண்டில் சுமார் 1 கோடியே 10 லட்சம் டாலர் நஷ்டம். 2024 மே மாதம் திவால் மனு. வாடகைச் சுமை போன்ற வேறு காரணங்களும் உண்டு, பழி முழுவதையும் இறாலின் மேல் போடுவது நியாயமில்லை. இருந்தாலும், ஒரு மாதச் சலுகையை எடுத்துவிடலாம், நிரந்தரம் என்று போர்டு எழுதியதை எடுப்பது கஷ்டம்.

நம் பக்கத்தில் பெங்களூர் எம்.டி.ஆர். ஓட்டலைப் பலரும் அறிவீர்கள். 1924ல் தொடங்கியது. 1975ல் வந்த நெருக்கடி நிலைக் காலத்தில் சிற்றுண்டி விலையை அரசு கட்டாயமாகக் குறைத்தபோது, அவர்கள் தரத்தைக் குறைக்காமல் நஷ்டத்துக்கு விற்று, அன்றன்றைய நஷ்டத்தை வாசலில் எழுதிப் போட்டார்கள். முடிவில் ஓட்டலை மூடி, மாவுப் பொட்டல வியாபாரத்துக்குத் திரும்பினார்கள். நம் வீடுகளில் ரவா இட்லிப் பொட்டலம் வந்த வழி அது.

வெற்றி பெற்ற உதாரணம் மெக்டொனால்ட்ஸ். இந்தியாவில் 1996ல் டில்லி வசந்த் விஹாரில் முதல் கடை. 2004ல் 20 ரூபாய் விலைப்பட்டியல். அதில் ஓடியது ஆலு டிக்கி பர்கர். அது விலை உயர்ந்த பண்டத்தைச் சுருக்கிச் செய்தது அல்ல. உருளைக்கிழங்கும் பட்டாணியும் வைத்து, உள்நாட்டுச் சரக்கில், முதலிலிருந்தே மலிவாக வரும்படி அமைத்தது. கடை திறக்குமுன்பே சில வருஷம் சரக்கு வரும் வழிகளைக் கட்டிவிட்டார்கள். அந்த அடித்தளம் இல்லாமல் 20 ரூபாய் விலை மட்டும் வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

சில நண்பர்கள் அம்மா உணவகத்தைச் சொன்னார்கள். 2013ல் சென்னையில் ஒரு ரூபாய் இட்லி. இங்கே 2021ல் மேற்கு வங்க அரசு தொடங்கிய மா கேண்டீனில் ஐந்து ரூபாய்க்குச் சோறு, பருப்பு, காய், முட்டை. இரண்டும் நல்ல காரியம். இரண்டிலும் மீதிச் செலவை அரசு கொடுக்கிறது. தங்கையின் டெபாசிட் அரசு கஜானா அல்ல.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் ரயில்வேயினுடையதே. 2023 ஜூலையில் பிளாட்பாரங்களில் 20 ரூபாய் எக்கானமி சாப்பாடு ஆரம்பித்தார்கள். ஏழு பூரி, உருளைக்கிழங்கு, ஊறுகாய். எங்கே விற்கிறார்கள் தெரியுமா? ஜெனரல் பெட்டி வந்து நிற்கும் இடத்துக்கு நேர் எதிரே. யாரையும் தடுக்கவில்லை, ஏசி பெட்டிக்காரரும் இறங்கி நடந்து வந்து வாங்கலாம். பெரும்பாலும் வரமாட்டார். கூரையை எடுக்காமலே வேலி போட்டாகிவிட்டது. பண்டமும் யோசித்துத் தேர்ந்தது. பூரி சிந்தாது, கிண்ணம் கேட்காது, மொத்தமாகப் பொரித்து வைக்கலாம், நின்றுகொண்டே சாப்பிடலாம்.

பரீட்சை

புதுப் பாதையைப் பாதுகாப்பு ஆணையர் வந்து பார்த்து, சோதனை வண்டி ஓட்டிய பிறகுதான் பயணி வண்டி விடுவோம். ஆகவே டாலிகஞ்ச் கடையில் மட்டும் பரீட்சை என்று முடிவு செய்தோம். ஜாதவ்பூரிலும் பெஹாலாவிலும் ஒன்றும் மாற்றக் கூடாது. அவற்றில் விற்பனை மாறாமல் இருந்தால்தான் டாலிகஞ்சில் வந்த மாற்றம் மினியால் வந்தது என்று சொல்ல முடியும். துர்கா பூஜை, காளி பூஜை கூட்டமெல்லாம் அடங்கட்டும் என்று காத்திருந்தோம். பூஜை நாளில் எதைப் போட்டாலும் விற்கும், அதை வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. புதுப் போர்டும் வேண்டாம் என்றேன், சாக்பீஸில் எழுதிய பலகை போதும்.

முதல் பதினான்கு நாள் பையன் விருப்பப்படி, நாள் முழுக்க மினி. நான் தினமும் ஒரு மூலையில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்தேன். கூட்டம் வந்தது, உண்மையாகவே வந்தது. ஆட்டோவுக்கு நிற்பவர்கள், டியூஷன் பிள்ளைகள், ஸ்டுடியோக்களில் வேலை செய்யும் தொழிலாளர்கள். பையன் தினமும் இரவு கல்லாவை எண்ணிவிட்டுச் சிரித்தான். சராசரியாக நாளைக்கு 64 மினி. ஆனால் முன்பு 118 ஓடிய மசால் தோசை 92க்கு இறங்கியது.

கணக்கைப் பாருங்கள். மினியால் விற்பனை 3,136 ரூபாய் கூடியது; மசால் தோசையால் 2,860 குறைந்தது. ஆக விற்பனையில் நாளைக்கு 276 ரூபாய் ஏற்றம். அதற்குத்தான் பையன் சிரித்தான். மிச்சத்தில்? 64 மினிக்கு 1,600 வரவு. 26 மசால் தோசைக்கு 1,872 போக்கு. நாளைக்கு 272 ரூபாய் இறக்கம். கல்லா நிறைகிறது, வீடு மெலிகிறது. 64க்கு 26 என்றால் நூற்றுக்கு 40க்கு மேல். நாம் போட்ட எல்லை 34 அல்லவா? இரவில் காத்திருக்க முடியாமல் திரும்பிப் போனவர்களை நான் தனியாக எண்ணவில்லை. எண்ணியிருக்க வேண்டும்.

பையன் அன்றிரவு ஒன்றும் பேசவில்லை. மறுநாள் அவனே பலகையை அழித்து, "மாலை 3 முதல் 6 வரை. பார்சல், அல்லது நின்று சாப்பிட" என்று எழுதினான். அதே மாவு, அதே சாம்பார்.

அடுத்த பதினான்கு நாளில் சராசரி 31 மினி. மசால் தோசை 115. 775 வரவு, 216 போக்கு. நாளைக்கு 559 ரூபாய் ஏற்றம். மாஸ்டருக்குப் பேப்பர் படிக்க நேரமில்லை என்பதைத் தவிர வேறு செலவு இல்லை. ஆறு மணி ஆனதும் "இன்னும் ஒண்ணு போடுங்க" என்று கேட்பவர்களிடம் இல்லையென்று சொல்வதுதான் கல்லாக்காரருக்குப் பெரிய பாடாக இருந்தது. இரண்டு மூன்று பேர் கோபித்துக்கொண்டு போனார்கள்.

மாதத்துக்கு 26 நாள் என்றால் 14,534 ரூபாய். இந்த ஒரு கடையை வைத்து நாலு லட்சத்தை எடுக்க இருபத்தேழு மாதத்துக்கு மேல் ஆகும். அதைவிட, கிரைண்டரே தேவையில்லை என்று தெரிந்தது. மினிக்கு மாவு ஏறக்குறையப் பாதி. 31 மினி என்றால் பதினைந்து பதினாறு தோசை மாவு, இருக்கிற கிரைண்டர் அரைத்துவிடுகிறது. ஆகவே டெபாசிட் அப்படியே இருக்கிறது, மினி தோசையும் டாலிகஞ்சில் இருக்கிறது. உளுந்து விலை ஏறினால் என்ன செய்வது என்பதற்காகப் பலகை இன்னும் சாக்பீஸ்தான். பெஹாலா கடையில் மாலையிலும் கல் காலியாக இருப்பதில்லை, அங்கே வேண்டாம் என்று அவனே சொல்லிவிட்டான்.

ஜாதவ்பூர்தான் பாக்கி. அந்தக் கணக்கை நம் பிள்ளைகளுக்கு விடுகிறேன். அங்கே மசால் தோசை 100 ரூபாய், அதற்குச் செலவு 36. மினி அதே 49, செலவு 24. மாலை 4 முதல் 7 வரை விற்றால் நாளைக்கு 50 மினி போகும் என்றும், அதனால் 18 மசால் தோசை குறையும் என்றும் பையன் மதிப்பிடுகிறான். அந்த மூன்று மணி நேரத்துக்கு ஒரு உதவியாளுக்கு 150 ரூபாய் கொடுக்க வேண்டும். கேள்வி ஒன்று: விற்பனை கூடுமா, குறையுமா, எவ்வளவு? இரண்டு: உதவியாள் கூலி போக மிச்சம் என்ன? மூன்று: அந்த 18 என்பது எத்தனைக்குக் குறைந்தால் இதில் இறங்கலாம்? விடையைத் தாளில் எழுதி, அடுத்த ஞாயிறு வகுப்பில் என்னிடம் கொடுக்கலாம். பையனும் அன்று வருகிறான். உங்கள் தாள்களைப் பார்த்த பிறகுதான் ஜாதவ்பூர் மாஸ்டரிடம் பேசுவதாகச் சொல்லியிருக்கிறான்.